ஊர்ப் பொது நிலையமும் ஊதியம் பெறா நிர்வாகிகளும்

மாலை ஐந்து மணி. ஊரின் நடுவேயுள்ள பொது விளையாட்டு நிலையத்தின் வாயிற்கதவு திறக்கப்படுகின்றது. சிறுவர் சிலர் இறகுப்பந்துக் களத்துக்கு விரைகின்றனர். முதியோர் இருவர் நாளிதழின் தாள்களைத் தமக்குட் பகுத்துக்கொண்டு விசுப்பலகையில் அமர்கின்றனர். ஒரு மூலையில் கேரம் பலகையைச் சூழ்ந்து நால்வர் நிற்கின்றனர். இரவு எட்டரை மணிக்கு விளக்குகள் அணைகின்றன, கதவு மூடப்படுகின்றது. மறுநாளும் அவ்வாறே. ஞாயிறு தோன்றி மறைதல் போல இஃதும் தானே நடைபெறுவதொன்று என நம்மனோர் பலரும் எண்ணியிருக்கின்றோம். யானும் சென்ற ஆண்டு வரையில் அங்ஙனமே எண்ணியிருந்தேன்.

சென்ற கோடை விடுமுறையில் எம்மூர் நிலையத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குச் சென்றிருந்தேன். நான்கு முறை தொடர்ந்து தெரிந்தெடுக்கப்பெற்றுப் பன்னீராண்டு பொருளாளராயிருந்த பெரியவர் எழுந்து, "கண் மங்கிவிட்டது, இனி வேறொருவர் வரட்டும்" எனக் கூறி, சாவிக்கொத்தையும் கணக்குப் புத்தகத்தையும் மேசைமேல் வைத்தார். அவ்விடத்துக்கு யார் வருகின்றீர் எனத் தலைவர் மும்முறை வினவினார். அறுபதின்மர்க்கு மேல் கூடியிருந்த அவையில் ஒருவரும் வாய் திறந்திலர். சிலர் தரையை நோக்கினர். சிலர் கைப்பேசியை நோக்கினர். யானும் தரையை நோக்கினவருள் ஒருவன்.

அந்த மௌனம் என் உள்ளத்தில் ஒரு வினாவை எழுப்பிற்று. கதவைத் திறக்கும் காவற்காரர் ஊதியம் பெறுகின்றார். அவ்வூதியத்தைத் திரட்டித் தருவோரோ யாதொன்றும் பெறுவதில்லை. பெறாதிருந்தும் இச்சுமையை அவர் ஆண்டுக்கணக்கிற் சுமப்பது எதன்பொருட்டு? இவ்வினாவுக்கு யான் தேடிக்கண்ட விடையை நண்பர்க்கு எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் நிர்வாக சபை என்பது யாது செய்கின்றதென அறிதல் வேண்டும். பந்தாடக் கற்பிப்போரும், நூல் எடுத்துக் கொடுப்போரும், தரை பெருக்குவோரும் வேறு. நிர்வாக சபையார் வேறு. நிலையம் ஒருவரது உடைமையன்று. ஊரார் பலரது பொருளாலும் உழைப்பாலும் ஆயது. பலர்க்கும் உரியதொரு பொருளுக்கு விடை சொல்லுங் கடப்பாடு சிலர்மேல் வைக்கப்படுதல் வேண்டும். அச்சிலரே நிர்வாக சபையார். வரவு செலவைத் திட்டஞ் செய்தல், சந்தா எவ்வளவு எனத் துணிதல், சந்தா செலுத்த இயலாதார்க்கு யாது செய்வதென ஆராய்தல், பணியாளரை அமர்த்தல், ஒழுகுங் கூரையைச் செப்பனிட நிதி திரட்டல், களத்தை எக்குழுவினர் எந்நேரத்தில் ஆள்வது என்னும் வழக்கைத் தீர்த்தல் ஆகியன அவர்தம் வேலைகள்.

நம் மாநிலத்தில் இத்தகைய சங்கங்கட்கு உரியது 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம். அதன்படி பதிவுபெற்ற சங்கத்துக்கு மூவர்க்குக் குறையாத நிர்வாகக் குழு இருத்தல் வேண்டும். குழுவின் பதவிக்காலம் மூன்றாண்டுக்கு மேற்படலாகாது. ஆண்டுதோறும் பொதுக்கூட்டங் கூட்டிக் கணக்கை உறுப்பினர்முன் வைத்தல் வேண்டும். ஆகவே விளையாட்டு நிலையத்தின் நிர்வாகிக்கு விளையாட நேரங் கிடைப்பது அரிது. பிறர் பந்தாடும் மாலைப் பொழுதை அவர் மின்கட்டணச் சீட்டோடும் இரசீதுப் புத்தகத்தோடும் கழிக்கின்றார்.

நிர்வாக சபையை இக்காலத்து வாரியம் எனவும் வழங்குகின்றோம். அச்சொல் புதியதன்று. காஞ்சிபுரத்துக்கு அண்மையிலுள்ள உத்தரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுகட்குரிய கல்வெட்டுக்கள் ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் முதலியவற்றைக் குறிக்கின்றன. ஓலையிற் பெயரெழுதிக் குடத்திலிட்டு எடுக்கும் குடவோலை முறையால் உறுப்பினர் தெரிந்தெடுக்கப்பெற்றனர். அவர்தம் பதவிக்காலம் 360 நாள். முன்னர் வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதிருந்தாரும், அவர்க்கு நெருங்கிய உறவினரும் மீண்டும் வாரியம் புகுதல் ஆகாதென அக்கல்வெட்டு விலக்குகின்றது. அது பிராமணர் சபை. நிலவுடைமை முதலிய தகுதிகள் உடையார்க்கே ஆண்டு இடமிருந்தது. ஆதலின் அதனை இன்றைய குடியாட்சியாகவே கொள்ளுதல் மிகையாகும். எனினும் பொதுக்காரியத்தை ஏற்பவர் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர் என்னும் உணர்வு ஆயிரத்து நூறாண்டுகட்கு முன்னரே கல்லிற் பொறிக்கப்பட்டுவிட்டது. இதனை ஈண்டு நினைவிற் கொள்க. பின்னர் இது நமக்கு வேண்டப்படும்.

இனி, இவ்வேலையை ஏற்பார் எதன்பொருட்டு ஏற்கின்றனர் என்பதனை ஆராய்வோம். எம்மூர் நிர்வாகிகள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சென்று யான் வினவினேன். அவர்கள் கூறிய காரணங்கள் மூன்று வகையுள் அடங்கின. அம்மூன்றுக்கும் பிறநாட்டு வரலாற்றிலும் ஒவ்வொரு சான்று உண்டு.

முதலாவது, கண்ணெதிரே கண்ட குறை. எம் செயலாளர் ஒரு செவிலியர். சாலையிற் பந்தாடிய சிறுவர் வண்டியில் அடிபட்டு மருத்துவமனைக்கு வருவதைப் பலகாற் கண்டவர். "காயத்துக்குக் கட்டுப் போடுவது என் வேலை, காயம் படாமல் ஆட ஓரிடம் வைத்திருப்பதும் என் வேலைதான் என்று தோன்றிற்று" என அவர் கூறினார். இவ்வாறே அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மருத்துவராயிருந்த மேரி சக்ரசெவ்ஸ்கா என்னும் பெண்மணி, 1885ஆம் ஆண்டில் தாம் பிறந்த பெர்லின் நகருக்குச் சென்றபோது, அங்குப் பூங்காக்களில் மணலைக் குவித்துக் குழந்தைகளை ஆடவிட்டிருத்தலைக் கண்டு, அச்செய்தியைப் பாஸ்டனிலுள்ள ஒரு சுகாதாரச் சங்கத்தார்க்கு எழுதினார். வறியோர் நெருங்கி வாழ்ந்த அந்நகரின் வடபகுதியில், ஒரு சிற்றாலயத்தின் முற்றத்தில் மணல் குவிக்கப்பட்டது. அக்கோடையில் வாரத்துக்கு மூன்று நாள் குழந்தைகள் அங்கே ஆடினர். அண்டை வீட்டுப் பெண்மணிகள் ஊதியம் யாதுமின்றி அவர்களைப் பார்த்துக்கொண்டனர். அமெரிக்க நாட்டின் பொது விளையாட்டிட இயக்கத்துக்கு அம்மணற் குவியலைத் தொடக்கமாகக் கூறுவர். பெரிய கொள்கை எதனையும் நாட்டவேண்டுமென அப்பெண்மணிகள் புறப்பட்டாரல்லர். குழந்தைகட்கு ஆட இடமில்லை என்பதனைக் கண்டனர். கண்டபின் காணாதார் போல இருக்க அவர்களால் இயலவில்லை.

இரண்டாவது, தாம் பட்ட குறையும், பெற்ற உதவிக்குச் செலுத்தும் கடனும். எம் தலைவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். இளமையில் வீட்டில் விளக்கின்றி இந்நிலையத்தின் வாசகசாலையிலிருந்தே படித்துத் தேறியவர். "அன்று அவ்விளக்குக்குக் கட்டணங் கட்டினவர் யாரென்று நான் கேட்டதில்லை. கேட்கவேண்டுமென்று தோன்றிய காலத்தில் அவர் உயிரோடில்லை" என்றார். கொடுத்தவருக்கே திருப்பிக் கொடுக்க இயலாத கடன் இவ்வுலகிற் பல உள. அவற்றை அடுத்து வருவார்க்கே செலுத்துதல் வேண்டும்.

இங்கிலாந்தில் சாமர்செட் நாட்டுப்புறத்து உழவர் குடும்பத்திற் பிறந்த ஜார்ஜ் வில்லியம்ஸ், இலண்டன் மாநகரில் ஒரு துணிக்கடையில் வேலைக்கமர்ந்தார். கடைச் சிப்பந்திகள் நெடுநேரம் உழைத்துக் கடையின் மேன்மாடியிலேயே உறங்குவர். ஓய்வு நேரத்தை நல்வழியிற் போக்க அவர்க்கு இடமுமில்லை, துணையுமில்லை. அக்குறையைத் தாமே பட்டறிந்த வில்லியம்ஸ், 1844ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள், தமது இருபத்திரண்டாம் வயதில், தோழர் பதினொருவரோடு கூடிக் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தைத் தொடங்கினார். முதலில் அது வேதவாசிப்புக்கும் ஜெபத்துக்குமே கூடிற்று. நாளடைவில் வாசகசாலையும் உடற்பயிற்சிக் கூடமும் சேர்ந்தன. இன்று நம் கல்லூரிகளில் ஆடப்பெறும் கூடைப்பந்து 1891ஆம் ஆண்டிலும், கைப்பந்து 1895ஆம் ஆண்டிலும் அமெரிக்காவில் அச்சங்கத்தைச் சார்ந்த கூடங்களிலேயே பிறந்தன. சென்னையில் 1890ஆம் ஆண்டில் அச்சங்கம் நிறுவப்பட்டது. 1920ஆம் ஆண்டில் ஹாரி குரோ பக் என்பார் அதன் சார்பில் உடற்பயிற்சிக் கல்லூரியை அந்நகரிற் தொடங்கினார். சிப்பந்தியாயிருந்த வில்லியம்ஸ் பிற்காலத்தில் அவ்வணிகத்தின் உரிமையாளருள் ஒருவராயினார்; 1905ஆம் ஆண்டில் இறக்குங்காறும் சங்கப் பணியை விட்டாரல்லர். தாம் மேன்மாடி அறையைக் கடந்து வந்துவிட்டமையால் அவ்வறை ஒழிந்துவிட்டதென அவர் எண்ணவில்லை.

மூன்றாவது, கற்றுக்கொள்ளும் விருப்பம். எம் சபையில் வயதிற் சிறியவர் இருசக்கர வண்டிகளைப் பழுதுபார்க்கும் இளைஞர். பத்துப்பேர் நடுவே பேச நடுங்கியவர். இன்று மாற்றுக் கருத்துடையாரை இடைமறிக்காது கேட்டு, தம் கருத்தைக் கூறி, பெரும்பான்மையோர் வேறாகத் துணிந்தவிடத்து அதற்கு அடங்கி நடக்கவும் கற்றிருக்கின்றார். அமெரிக்கப் படையிற் பொறியாளராயிருந்த ஹென்றி மார்ட்டின் ராபர்ட் என்பாரை 1863ஆம் ஆண்டில் நியூ பெட்போர்டு என்னும் ஊரில் ஒரு தேவாலயக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குமாறு வேண்டினர். கூட்டத்தை எவ்வாறு நடத்துவதென அவர் அறியார். அவை குழப்பத்தில் முடிந்தது. அந்த நாணத்தால் உந்தப்பெற்று அவர் அவைநடை விதிகளைப் பல்லாண்டு பயின்று, 1876ஆம் ஆண்டில் ஒரு கையேடாக வெளியிட்டார். இன்றும் எத்தனையோ சங்கங்கள் அந்நூலைக் கைக்கொள்கின்றன. குடியாட்சி என்பது தேர்தல் நாளில் மட்டும் நிகழ்வதன்று. பந்து வாங்குவதா, கூரை வேய்வதா என ஐவர் கூடி ஆராயும் சிறு மேசையிலும் அது பயிலப்படுகின்றது.

இம்மூன்றனையும் கூறிப் பிறவற்றை மறைத்தல் நேர்மையாகாது. பெயருக்காக வருவாரும் உளர். கல்லிற் பெயர் பொறிக்கப்பெறவும், விழா மேடையில் மாலை பெறவும், நாளை நகராட்சித் தேர்தலில் நிற்கவும் இதனை ஏணியாகக் கொள்வார் உளர். தம் குடும்பத்தாருக்கோ தம் தெருவாருக்கோ களத்தைக் கைப்பற்றித்தர வருவாரும் உளர். மக்கள் உள்ளம் கலவையானது. முற்றிலுந் தூய எண்ணமுடையாரே வருக எனின் ஒருவரும் வாரார். ஆதலினாற்றான் நல்ல சங்கங்கள் உள்ளத்தைச் சோதியாது செயலை வரையறுக்கின்றன. ஊதியம் இல்லை, பதவிக்கு எல்லையுண்டு, தனக்கு ஆதாயமுள்ள காரியத்தில் நிர்வாகி வாக்களித்தல் கூடாது, கணக்கைப் பிறரொருவர் தணிக்கை செய்வார். இவ்விதிகள் உள்ளவிடத்துப் பெயருக்காக வந்தவரும் பணி செய்தே பெயர் பெறவேண்டியவராகின்றார்.

ஊதியம் பெறும் அதிகாரிகளிடமோ அரசினரிடமோ இவ்வேலை முழுவதையும் ஒப்புவித்துவிடலாகாதோ எனச் சிலர் வினவுவர். பாஸ்டன் மணற்களங்களும் ஈராண்டுகட்குள் ஊதியம் பெறும் பெண்டிரை அமர்த்தின என்பது மெய்யே. பயிற்சி வேண்டும் வேலைக்குப் பயின்றவர் வேண்டும். ஆயினும் பயின்றவரை அமர்த்துவதும், அவர் வேலையை மதிப்பிடுவதும், பணம் குறைந்த ஆண்டில் எதனைக் குறைப்பது, எதனைக் குறைக்கலாகாது எனத் துணிவதும் எஞ்சுகின்றன. அத்துணிவால் தமக்கு ஊதிய ஏற்றமோ இழப்போ இல்லாதார் சிலர் அங்கிருத்தல் நன்று. அவர் அவ்வூரிலேயே வாழ்பவராயிருத்தல் இன்னும் நன்று. தவறாகத் துணிந்தால் மறுநாட் காலை காய்கறிக் கடையிலேயே அவரை நிறுத்திக் கேட்பர்.

இத்துணையும் கூறியும் என் வினாவுக்கு முழு விடை கிடைத்திலது. மேற்கூறிய மூன்றும் ஒருவர் வருதற்குக் காரணமாகும். பன்னீராண்டு இருத்தற்குப் போதுமானவையல்ல. ஆதலின் பதவி துறந்த பொருளாளரைத் தேடி அவர் வீட்டுக்குச் சென்றேன். "ஐயா, இத்தனை ஆண்டு ஏன் இருந்தீர்கள்?" எனக் கேட்டேன். அவர் நகைத்து, "வேறொருவரும் வரவில்லை, தம்பி, அதுதான்" என்றார். சிறிது பொறுத்து, "ஓராண்டு கணக்கில் நாற்பது ரூபாய் இடித்தது. மூன்று இரவு உட்கார்ந்து தேடினேன். என் மனைவி, 'நாற்பது ரூபாய்தானே, கையிலிருந்து போட்டுவிடுங்கள்' என்றாள். என் பணமாயிருந்தால் விட்டிருப்பேன். ஊர்ப் பணம், விட மனம் வரவில்லை. கையிலிருந்து போட்டால் கணக்கு நேராகும், ஆனால் அது மெய்க்கணக்காகாது" என்றார். நான்காம் நாள் ஒரு சந்தா இரண்டு முறை எழுதப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்தாராம்.

யான் தேடிய விடை இதுவேயென உணர்ந்தேன். மக்கள் குறை கண்டோ கடன் தீர்க்கவோ கற்கவோ வருகின்றனர். ஆனால் தம்மை நம்பிப் பிறர் ஒப்புவித்தனர் என்பதனாலேயே நிலைத்திருக்கின்றனர். தன் பொருளில் ஒருவர் தாராளமாக இருக்கலாம். பிறர் பொருளில் அவ்வுரிமை அவர்க்கில்லை. இவ்வாறு நம்பப்படுதல் ஊதியத்தினும் வலிதாக ஒருவரைப் பிணிக்கின்றது. உத்தரமேரூரார் கணக்குக் காட்டாதாரை விலக்கியதும் இதனை நன்கு உணர்ந்தமையாலேயே போலும்.

அவ்வாறாயின் அன்று அவை மௌனமாயிருந்தது ஏன்? சோம்பலால் மட்டுமன்று. கணக்கெழுதுவாரை ஐயுறுதல் நம்மூர்களில் எளிதிற் பரவும் நோய். உழைத்தும் பழி சுமக்க யார் முன்வருவர்? தணிக்கையான கணக்கை ஆண்டுதோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுதலே இதற்கு மருந்து. அது பணத்தை மட்டுமன்று, பணத்தைக் காப்பவரின் பெயரையுங் காக்கும். மற்றொரு காரணமும் உண்டு. அதனை அக்கூட்டத்தின் முடிவே எமக்குக் காட்டிற்று.

தலைவர் மூன்றாம் முறை வினவி அமர்ந்தபின், பின்வரிசையிலிருந்து ஒரு பெண்மணி எழுந்தார். நிலையத்துக்கெதிரே தையற்கடை வைத்திருப்பவர். "கணக்கு நான் எழுதுகிறேன், ஐயா. ஆனால் உங்கள் கூட்டமெல்லாம் மாலை நான்கு மணிக்கு. அப்போது கடையை அடைத்தால் எனக்கு அன்றைய கூலி போய்விடும். இரவு எட்டரைக்கு வைத்தால் வருவேன்" என்றார். அவையில் ஒரு சலசலப்பு எழுந்தது. பன்னீராண்டாக ஓய்வுபெற்றோர்க்கு வசதியான நேரத்திற் கூட்டங் கூட்டிவிட்டு, உழைப்பாளர் வருவதில்லை, பெண்கள் வருவதில்லை என நாங்கள் குறைகூறி வந்திருக்கின்றோம் என்பது அப்பொழுதே விளங்கிற்று. ஓய்வுடையாரே சேவை செய்ய இயலுமெனின், ஓய்வற்றாரின் தேவை மேசைக்கு வருவதெங்ஙனம்? கூட்டநேரம் அன்றே மாற்றப்பட்டது. பெரியவர் கணக்குப் புத்தகத்தை அவரிடம் நீட்டி, "முதற் பக்கத்திலிருந்து கூட்டிப் பாருங்கள், அம்மா, என்னை நம்பி வாங்கிக்கொள்ள வேண்டாம்" என்றார். அவ்வம்மையாரும் அங்ஙனமே அமர்ந்து கூட்டத் தொடங்கினார்.

அவர் பொறுப்பேற்ற மூன்றாந் திங்களில், செவ்வாயும் வெள்ளியும் மாலை ஐந்து முதல் ஆறரை வரை இறகுப்பந்துக் களம் சிறுமியர்க்கென ஒதுக்கப்பட்டது. அதற்குமுன் அவ்வாறு கேட்டவர் ஒருவருமில்லை. கேட்கத்தக்கவர் ஒருவரும் அவ்வறையில் இருந்ததில்லை.

நண்பர்காள், நம்முட் பலர் ஏதேனும் ஒரு நிலையத்தின் விளக்கொளியிற் படித்தும் அதன் களத்தில் ஆடியும் இக்கல்லூரிக்கு வந்தவர்கள். அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லுங்கால் அவ்விளக்குக்கு இன்று யார் கட்டணங் கட்டுகின்றார் என ஒருமுறை கேட்டுப் பாருங்கள். சபையில் அமரும் வயது நமக்கு இன்னும் வரவில்லையெனினும், கூட்ட நடவடிக்கைகளை எழுதவும், சந்தா வசூலிக்க உடன்செல்லவும், கணக்கை இரண்டாம் முறை கூட்டிப் பார்க்கவும் வயது வந்துவிட்டது. யான் சென்ற விடுமுறையிலிருந்து அப்பெண்மணிக்குத் துணையாகக் கூட்டிப் பார்க்கின்றேன். இதுவரை இருமுறை பிழைத்தேன். இருமுறையும் அவரே கண்டுபிடித்தார்.